பயினியைத் தேடிப் பாலோடு வரை

முன்னுரை

குறிஞ்சிப்பாட்டினைப் பாடம் சொல்லும் ஆசிரியர் எவரும் ஓரிடத்தில் சற்றே தயங்குவர். கபிலர் தொண்ணூற்றொன்பது மலர்களை அடுக்கிச் சொல்லும் இடமே அது. காந்தள், ஆம்பல், குவளை, தாமரை என்பவற்றை எளிதில் விளக்கிவிடலாம். ஏனையவற்றுள் பலவற்றுக்கு உரைநூல்களைப் பின்பற்றி, 'ஒரு வகைப் பூ', 'ஒரு வகை மரம்' என்று சொல்லிக் கடந்து செல்வதே நம் வகுப்பறைகளின் வழக்கமாகிவிட்டது. எங்கள் துறையும் இதற்கு விலக்கன்று.

சென்ற ஆண்டு இளங்கலை மாணவி ஒருவர் எழுந்து, "ஐயா, பயினி என்றால் என்ன?" என்று வினவினார். "ஒரு வகை மரம்" என்றோம். "அந்த மரம் இப்போதும் இருக்கிறதா?" என்று அவர் மீண்டும் கேட்டார். அதற்கு எங்களிடம் விடை இல்லை. சொல் நம் கையில் இருக்கிறது. அச்சொல் சுட்டும் பொருள் உயிரோடு உள்ளதா, அழிந்ததா என்பதுகூட நமக்குத் தெரியவில்லை. இந்நிலை தமிழ் கற்பிப்போர்க்குப் பெருமை தருவதன்று. அவ்வினாவே எங்களைக் கேரளத்தின் பாலோட்டிலுள்ள தாவரத் தோட்டத்திற்கு அழைத்துச் சென்றது. அங்குக் கண்டவற்றையும் கற்றவற்றையும் இக்கட்டுரையில் தொகுத்துரைக்க விழைகிறோம்.

மலையைக் கடந்து

ஆடித் திங்களின் முதல் வாரத்தில் ஆசிரியரும் மாணவருமாக ஒரு பேருந்தில் நெல்லையிலிருந்து புறப்பட்டோம். தென்காசி, செங்கோட்டை வரை காற்றும் தூறலுமாக இருந்தது. ஆரியங்காவுக் கணவாயைக் கடந்ததும் மழை வலுத்தது. தென்மலை, குளத்துப்புழை, மடத்தறை வழியாகப் பாலோட்டை அடைந்தோம். ஒரே மலையின் கிழக்கே உடைமரமும் பனையும் நிற்க, மேற்கே வானை மறைக்கும் பசுங்காடு தொடங்குவதை மாணவர்கள் கண்ணாரக் கண்டனர். தென்மேற்குப் பருவக்காற்றின் மழையை மேற்குச் சரிவு பெரிதும் வாங்கிக்கொள்வதே இவ்வேறுபாட்டிற்குக் காரணம். திணை என்பது நிலமும் காலமும் சேர்ந்த முதற்பொருளின் விளைவு என்று வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறோம். அன்று அதனைச் சாலையே விளக்கிவிட்டது.

பாலோட்டிலுள்ள சவகர்லால் நேரு வெப்பமண்டலத் தாவரத் தோட்டமும் ஆய்வு நிறுவனமும் 1979ஆம் ஆண்டு கேரள அரசால் தோற்றுவிக்கப்பெற்றது. அதன் முதல் இயக்குநர் பேராசிரியர் ஆ. ஆபிரகாம். ஏறத்தாழ 300 ஏக்கர் பரப்பில், அகத்தியமலையின் அடிவாரக் காடுகளை ஒட்டி இத்தோட்டம் அமைந்துள்ளது. தமிழர் பொதிகை எனப் போற்றும் மலையும் அதுவே. 1,868 மீட்டர் உயரமுள்ள அக்கொடுமுடியின் கிழக்குச் சரிவில் நம் பாபநாசமும் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகமும் உள்ளன; மேற்குச் சரிவு கேரளத்தினது. அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகம் 2016ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலக உயிர்க்கோளக் காப்பக வலையமைப்பில் சேர்க்கப்பெற்றது.

பூங்கா என்றதும் வெட்டிச் சீர்செய்த புல்வெளியையும் வண்ண மலர்ப் பாத்திகளையும் எதிர்பார்த்து வந்த மாணவர் சிலர் முதலில் ஏமாற்றமுற்றனர். அட்டைக்கடிக்கு அஞ்சிக் கால்சட்டையை மடித்துக்கொண்டவரும் உண்டு. இத்தோட்டத்தின் பெரும்பகுதி காட்டைப்போலவே விளங்குகிறது. மூங்கில்களுக்கெனத் தனிப்பகுதி, பனையினங்களுக்கெனத் தனிப்பகுதி, ஆர்க்கிட் வகைகளுக்கான நிழற்கூடம், மூலிகைப் பகுதி, தட்டுப்போன்ற பேரிலைகள் மிதக்கும் விக்டோரியா அல்லிக்குளம் எனப் பகுத்து அமைத்துள்ளனர். ஆயினும் எங்கள் உள்ளத்தைத் தொட்டது அழகு மிக்க அல்லிக்குளமன்று. மழையில் நனைந்து நின்ற ஒரு பெருமரமே.

பயினி கிடைத்தது

வழிகாட்டியாக வந்த தோட்டப் பணியாளர் அம்மரத்தடியில் நின்று, "இது வெள்ளப்பயின்" என்றார். முன்னர் வினா எழுப்பிய மாணவி, "பயினா?" என்று வியந்து கேட்டார். எங்கள் முகத்தையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார். நாங்கள் பதின்மூன்று ஆண்டுகளாக 'ஒரு வகை மரம்' என்று சொல்லிவந்தது எதிரே நின்றது.

குறிஞ்சிப்பாட்டின் பயினியை இம்மரமாகவே ஆய்வாளர் சிலர் கொள்வர். இதன் அறிவியற் பெயர் வட்டேரியா இண்டிகா. மேற்குத் தொடர்ச்சி மலையன்றி உலகில் வேறெங்கும் இயற்கையாக வளராதது. இதன் பட்டையிலிருந்து வடியும் பிசினே வெள்ளைக் குந்திரிக்கம் என்றும் வெள்ளைக் குங்கிலியம் என்றும் வழங்கும் நறும்புகைப் பொருள். பயின் என்னும் சொல்லுக்குப் பிசின் என்னும் பொருள் தமிழில் உண்டு என்பதனையும் இங்கு இணைத்து எண்ணுதல் தகும். பிசின் தரும் மரம் பயினி எனப் பெயர்பெற்றது பொருத்தமே.

இம்மரத்தின் பெயர் வந்த வழியும் சுவையானது. கொச்சியில் டச்சு ஆளுநராக இருந்த வான் ரீடு தொகுப்பித்த 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' என்னும் தாவர நூல் 1678 முதல் 1693 வரை ஆம்சுடர்டாமில் பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்தது. அதன் நான்காம் தொகுதியில் இம்மரம் 'பைனோ' என்னும் பெயரால் விளக்கப்பட்டுள்ளது. அந்நூலைத் துணையாகக் கொண்டே 1753ஆம் ஆண்டு லின்னேயஸ் இதற்கு இலத்தீனப் பெயர் சூட்டினார். பயினி, பயின், பைனோ என ஒரே சொல் சங்கப்புலவர் நாவிலிருந்து மலைவாணர் நாவிற்கும், அங்கிருந்து ஐரோப்பிய அச்சகத்திற்கும் சென்றுள்ளது. தமிழ் வகுப்பறையில் மட்டுமே அது 'ஒரு வகை மரம்' ஆகிவிட்டது.

ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ் பற்றி இன்னொரு செய்தியும் குறிப்பிடத்தக்கது. தாவரப் படங்களில் உள்ளூர்ப் பெயர்கள் மலையாள எழுத்திலும் அரபு எழுத்திலும் பொறிக்கப்பட்டன. அறிவு வழங்கிய இட்டி அச்சுதன் என்னும் நாட்டு மருத்துவரின் சான்றுரையும் அந்நூலில் அச்சேறியது. அறிந்து சொன்னவன் பெயரை மறைக்காத அப்பண்பினைப் பின்னரும் நினைவுகூர்வோம்.

உலர்த்த இயலாத விதை

மரத்தடியில் மழையில் நனைந்த காய்கள் விழுந்து கிடந்தன. சில மண்ணில் பட்டவுடனேயே வெடித்து, தடித்த முளையை நீட்டியிருந்தன. பணியாளர் ஒன்றைக் கையில் எடுத்துக் காட்டி, இதனைப் புட்டியில் அடைத்துவைக்க முடியாது என்றார். இக்கூற்றின் பொருளைச் சற்று விரித்துரைத்தல் வேண்டும்.

நெல், சோளம், பயறு முதலியவற்றின் விதைகளை நன்கு உலர்த்திக் கடுங்குளிரில் வைத்தால் அவை பல்லாண்டுகள் உறங்கும். வேண்டும்போது விதைத்தால் முளைக்கும். உலகின் விதை வங்கிகள் இம்முறையிலேயே இயங்குகின்றன. மழைக்காட்டு மரங்கள் பலவற்றின் விதைகளோ இவ்வியல்பின அல்ல. ஆண்டு முழுதும் ஈரமும் வெப்பமும் நிலவும் காட்டில் உறங்கிக் காத்திருக்கும் தேவை அவற்றிற்கு ஏற்படவில்லை. ஆதலின் நீர் நிறைந்த நிலையிலேயே உதிர்ந்து, உடனே முளைக்கின்றன. உலர்த்தினால் உயிர் போகும். கடுங்குளிரிலும் உயிர் போகும். பயினியின் விதை சில வாரங்களுக்குள் முளைத்தாக வேண்டும், அன்றேல் அழுகிவிடும்.

எனவே, இத்தகைய மரங்களை வளர்த்துக் காப்பதே தலையாய வழி. ஒரு மரம் மூப்படையும் முன் அதன் விதையை இட்டு அடுத்த மரத்தை வளர்த்தாக வேண்டும். இத்தகைய தோட்டங்களை உயிருள்ள விதை வங்கி எனல் பொருந்தும்.

இதனைக் கேட்டபொழுது எங்கள் நினைவு ஓலைச்சுவடிகளை நோக்கிச் சென்றது. ஏடு நிலையானதன்று. செல்லும் ஈரமும் அதனை அரிக்கும். பழைய ஏடு சிதையும் முன் புதிய ஏட்டில் பெயர்த்தெழுதியோர் இருந்தமையாலேயே சங்க நூல்கள் நம் காலம் வரை வந்தன. எழுதுவோர் ஒரு தலைமுறை சோம்பியிருந்தாலும் நூல் மறைந்திருக்கும். உ.வே. சாமிநாதையர் பத்துப்பாட்டினைப் பதிப்பிக்க முனைந்தபோது குறிஞ்சிப்பாட்டின் மலர்ப் பெயர்கள் சில அவருக்குக் கிடைத்த ஏடுகளில் இல்லை. பல இடங்களில் தேடியபின் தருமபுர ஆதீனத்து ஏட்டில் அவற்றைக் கண்டெடுத்தார். அந்நிகழ்ச்சியை 'உதிர்ந்த மலர்கள்' என்னும் கட்டுரையில் அவரே எழுதியுள்ளார். ஏட்டில் உதிர்ந்த மலர்களை ஒருவர் தேடிச் சேர்த்தார். காட்டில் உதிரும் மலர்களைத் தேடிச் சேர்க்கும் பணியே பாலோட்டில் நடைபெறுகிறது.

நிழற்கூடத்தில் கண்ட ஆர்க்கிட்டுகளும் இதனையே உணர்த்தின. அவற்றின் விதைகள் தூசியினும் நுண்ணியவை. முளைக்குத் தேவையான உணவுச் சேமிப்பு அவற்றில் இல்லை. காட்டில் ஒரு வகைப் பூஞ்சையின் துணையுடனேயே அவை முளைக்கின்றன. ஆய்வகத்தில் ஊட்டக் கூழ் நிரப்பிய கண்ணாடிக் குடுவைகளில் அவ்விதைகளை முளைக்கவைத்து, நாற்றாக்கி, வெளிக்காற்றுக்குப் பழக்கி வளர்க்கின்றனர். அகத்தியமலைப் பகுதிக்கே உரிய மஞ்சள் நிறச் செருப்பு ஆர்க்கிட் ஒன்று உண்டு. தென்னிந்தியாவில் இயற்கையாக வளரும் செருப்பு ஆர்க்கிட் அஃது ஒன்றே. அழகே அதற்குப் பகையாயிற்று. சேகரிப்போர் பறித்துச் சென்றமையால் காட்டில் அது அரிதாகிவிட்டது.

ஆரோக்கியப்பச்சை

மூலிகைப் பகுதியில் மரநிழலில் ஒரு சிறு செடியைக் காட்டினர். முழங்கால் உயரமும் இல்லை. இதய வடிவ இலைகளும், தரையை ஒட்டி மறைந்திருக்கும் கருஞ்செந்நிறச் சிறு பூக்களும் உடையது. பெயர் ஆரோக்கியப்பச்சை, அறிவியலார் டிரைக்கோபஸ் சீலானிகஸ் என்பர். இதன் வரலாறு தாவரவியலோடு நின்றுவிடவில்லை. சட்டத்தையும் அறத்தையும் அது தொட்டுச் செல்கிறது.

அகத்தியமலையின் இருபுறமும் காணி என்னும் பழங்குடியினர் வாழ்கின்றனர். நம் நெல்லை, குமரி மாவட்டங்களிலும் அவர்கள் உளர். தமிழும் மலையாளமும் கலந்தது அவர்தம் பேச்சு. அவர்தம் தலைவரை மூட்டுக்காணி என்றும், மருத்துவம் அறிந்தவரைப் பிலாத்தி என்றும் வழங்குவர். 1987ஆம் ஆண்டு திசம்பரில் டாக்டர் புட்பாங்கதன் தலைமையில் ஆய்வாளர் குழு ஒன்று அகத்தியமலைக் காட்டில் நடந்தது. ஆய்வாளர்கள் களைத்து மூச்சிரைக்க, வழிகாட்டிகளாகிய காணிகளோ களைப்பின்றி நடந்தனர். அவர்கள் இடையிடையே சிறு காய்களை மென்றுகொண்டிருந்ததைக் குழுவினர் கண்டனர். அக்காய்களைத் தாமும் தின்றபோது களைப்பு நீங்கியதை உணர்ந்தனர். எந்தச் செடியின் காய் என்று கேட்டபோது காணிகள் உடனே சொல்லவில்லை. வெளியாருக்குச் சொல்லக்கூடாத மறைபொருள் அது. பின்னர் நம்பிக்கையின்பேரிலேயே காட்டினர்.

பாலோட்டு நிறுவனத்தில் நிகழ்ந்த ஆய்வின் பயனாக, ஆரோக்கியப்பச்சையுடன் அமுக்கிரா, திப்பிலி, விஷ்ணுகிரந்தி ஆகியவற்றைச் சேர்த்து 'ஜீவனி' என்னும் மருந்து உருவாயிற்று. காணிகள் உண்டது காய். மருந்திற்குப் பயன்பட்டது இலை. செடியைக் கொல்லாமல் இலையைப் பறிக்கலாம் என்பது இதன் நன்மை. 1995ஆம் ஆண்டு கோயம்புத்தூரிலுள்ள ஓர் ஆயுர்வேத மருந்து நிறுவனத்திற்கு ஏழாண்டு உரிமம் வழங்கப்பட்டது. உரிமக் கட்டணம் பத்து இலட்சம் ரூபாய். விற்பனையில் நூற்றுக்கு இரண்டு பங்கு உரிமத்தொகை. இவ்விரண்டிலும் பாதியைக் காணிகளுக்கு அளிப்பதென நிறுவனம் முடிவு செய்தது. 1997ஆம் ஆண்டு காணிகளின் நல அறக்கட்டளை பதிவு செய்யப்பெற்றது. 1999ஆம் ஆண்டு ஐந்து இலட்சம் ரூபாய்க்குச் சற்று மிகுதியான தொகை அதனிடம் ஒப்படைக்கப்பட்டது.

தொகை பெரிதன்று. ஆயினும் மரபறிவை வழங்கியோர்க்கு வருவாயில் பங்கு அளித்த தொடக்ககால எடுத்துக்காட்டுகளுள் ஒன்றாக உலகம் இதனை நோக்கியது. 1992ஆம் ஆண்டு இரியோ மாநாட்டில் கையொப்பத்திற்கு வைக்கப்பட்ட உயிரினப் பன்மை ஒப்பந்தம் இவ்வறத்தை வலியுறுத்திற்று. இந்தியாவில் அதற்கெனச் சட்டம் இயற்றப்பட்டது 2002ஆம் ஆண்டிலேதான்.

இதன் மறுபக்கத்தையும் மறைத்தல் நேர்மையாகாது. ஒரு பகுதிக் காணிகளிடம் கலந்து பேசியமை போதுமா, பிற ஊராட்சிகளில் வாழ்வோரைக் கேட்டனரா என்னும் குறை எழுந்தது. பிலாத்திகள் சிலர் தம் குலத்தறிவு விற்பனைப்பொருள் ஆவதனை எதிர்த்தனர். காட்டிலிருந்து இலை பறிக்க வனத்துறையின் இசைவு தேவைப்பட்டமையால் இடர்ப்பாடும் தோன்றியது. செடிக்கு விலை உண்டு என்று அறிந்த வெளியார் வேரோடு பிடுங்கிச் சென்ற கொடுமையும் நிகழ்ந்தது. காடு நெடுங்காலம் காத்துவந்த செடிக்கு அதன் புகழே தீங்காக முடிந்தது.

பெயர் என்னும் கடன்

ஆரோக்கியப்பச்சையின் முன் நின்றபோது மாணவர்களிடையே ஒரு வாதம் எழுந்தது. "ஆய்வு செய்தவர் இல்லையேல் இச்செடியால் உலகுக்குப் பயன் ஏது?" என்றார் ஒருவர். "காட்டியவர் இல்லையேல் ஆய்வுக்கே இடம் ஏது?" என்றார் மற்றொருவர். இரண்டும் உண்மையே. ஆயினும் ஆய்வாளர் பெயர் கட்டுரையில் அச்சாகும். காட்டியவர் பெயர் பெரும்பாலும் 'பழங்குடியினர் சிலர்' என்று முடிந்துவிடும். 'ஒரு வகைப் பூ' என்பதும் 'பழங்குடியினர் சிலர்' என்பதும் ஒரே மறதியின் இரு வடிவங்கள் என்பது அன்று எங்களுக்குப் புலப்பட்டது. பதினேழாம் நூற்றாண்டில் இட்டி அச்சுதன் பெயரை அச்சேற்றிய நேர்மைக்கு நாம் கடமைப்பட்டுள்ளோம்.

அத்தோட்டத்தில் கண்ட பெயர்ப்பலகைகள் நன்றாக இருந்தன. தாவரத்தின் இலத்தீனப் பெயரும் குடும்பப் பெயரும் அவற்றில் உண்டு. எனினும் காணிகள் வழங்கும் பெயரும், அதனைச் சொன்னவர் பெயரும், அதனோடு ஒரு பழந்தமிழ்ப் பெயரும் சேர்ந்து நிற்கும் பலகை ஒன்றைக் கற்பனை செய்தோம். அத்தகைய பலகை எழுதத் தாவரவியலார் மட்டும் போதாது. தமிழ் கற்றோரும் காட்டை அறிந்தோரும் உடன் இருத்தல் வேண்டும்.

தோட்டத்தால் இயலாதது

இனி, இத்தகைய தோட்டங்கள் இருத்தலால் காடு அழிந்தாலும் கவலையில்லை என்று எவரேனும் கருதினால் அது பெரும்பிழை. ஒரு தோட்டம் ஓர் இனத்தின் சில மரங்களையே தாங்க முடியும். காட்டிலுள்ள ஆயிரம் மரங்களுக்கிடையே அமைந்த வேறுபாடுகள், அதாவது வறட்சியைத் தாங்குவது, நோயை வெல்வது முதலிய பண்புகள், அச்சிலவற்றுள் முழுதும் அடங்கா. மகரந்தம் சுமக்கும் வண்டினையும், விதை பரப்பும் இருவாய்ச்சிப் பறவையையும், வேரோடு உறவாடும் பூஞ்சையையும் ஒருசேரப் பெயர்த்து வர இயலாது.

திரும்பும் வழியில் குளத்துப்புழைப் பகுதியில் சாதிக்காய்ச் சதுப்புக் காடு ஒன்றனைக் கண்டோம். நன்னீர் ஓடைகளை ஒட்டிய சேற்றில், சாதிக்காய்க் குடும்பத்து மரங்கள் முட்டி மடக்கியதுபோன்ற வேர்களைச் சேற்றுக்கு மேலே நீட்டி மூச்சு விடுகின்றன. இத்தகைய சதுப்புகள் பெரும்பாலும் வயல்களாகத் திருத்தப்பட்டு, இன்று சிறுசிறு துண்டுகளாகவே எஞ்சியுள்ளன. மரக்கன்று ஒன்றைத் தோட்டத்தில் நட்டுவிடலாம். ஓடையும் சேறும் நூற்றாண்டுகளும் சேர்ந்த அச்சதுப்பினை எவ்வாறு நடுவது? படி எடுத்தல் மூலம் அழியாமைக்காகவே. மூலத்தை எரித்துவிடுவதற்கு அது சான்றாகாது.

நிறைவுரை

ஆகவே, ஒரு தாவரம் காக்கப்பட்டது என்று சொல்ல மூன்று நிலைபெற வேண்டும்: செடி உயிரோடு இருத்தல், அதனை ஈன்ற காடு இருத்தல், அதனை அறிந்த மக்களும் அவர்தம் சொல்லும் இருத்தல். முதலாவதனைத் தோட்டம் காக்கும். இரண்டாவதனை அரசும் சமுதாயமும் காத்தல் வேண்டும். மூன்றாவதில் தமிழ்த்துறைக்கும் பங்கு உண்டு என்பதே இப்பயணத்தில் நாங்கள் கற்ற பாடம்.

அதனைச் செயலாக்க எளிய பணி ஒன்றைத் தொடங்கியுள்ளோம். மாணவர் ஒவ்வொருவரும் தத்தம் ஊரில் உள்ள பத்து மரஞ்செடிகளின் பெயரையும் பயனையும் பெரியோரிடம் கேட்டு எழுதி வருதல் வேண்டும். இலை அல்லது பூவினை உலர்த்தி உடன் ஒட்டுதல் வேண்டும். பெரியோரின் இசைவு பெற்று, சொன்னவர் பெயரையும் ஊரையும் நாளையும் தவறாது குறித்தல் வேண்டும். தாவரவியல் துறை ஆசிரியர்கள் அவற்றைச் சரிபார்த்து அறிவியற் பெயர் தருவதாக இசைந்துள்ளனர். இவ்வேடுகள் நம் நூலகத்தில் வைக்கப்பெறும். ஊர்ப் பெரியோர்கள் தம்மை நாடிவரும் மாணவர்க்கு நேரம் ஒதுக்கி, தாம் அறிந்ததனை மறைக்காது உரைக்க வேண்டுகிறோம். அவர்கள் நினைவிலுள்ள பெயர்களும் உலர்த்தி வைக்க இயலாத விதைகள் போன்றவையே. உரிய காலத்தில் மற்றொருவர் நெஞ்சில் விழுந்தால் மட்டுமே முளைக்கும்.

இவ்வாண்டு குறிஞ்சிப்பாட்டு வகுப்பில் பயினி வந்தபோது நாங்கள் தயங்கவில்லை. மழை நாளில் மரத்தடியில் எடுத்துவந்த ஒரு காய்ந்த இலையை மாணவர் கைக்குக் கொடுத்தோம். அது வரிசை வரிசையாகக் கைமாறிச் சென்றது. அடுத்த சொல்லாகிய வானிக்கு வந்ததும் மீண்டும் தயங்கினோம். ஆனால் இம்முறை 'ஒரு வகை மரம்' என்று சொல்லவில்லை. "தேட வேண்டும்" என்றோம்.